நாலாம் திருவிழாவும் என் வாயும்

முள்ளியவளைப் பக்கத்தில் யாரிடமும் எங்கள் மில் அரிசியைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். சோறு ஆறினாலும் ஒட்டாது. அடுத்த நாள் தண்ணீர் விட்டுக் கரைத்துக் குடித்தாலும் மணம் மாறாது. அந்த மில்லை உண்டாக்கியவன் நான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். முதலில் சைக்கிளில் நெல் மூட்டை கட்டி இழுத்தேன், பிறகு ஒரு மில் போட்டேன், சண்டையோடு அதுவும் போயிற்று. முகாமிலிருந்து திரும்பி வந்து பார்த்தபோது கூரையில்லாத நாலு சுவரும் துருப்பிடித்த ஒரு மெசினும் நின்றன. படித்த ஒருவர் வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, "இது இனி ஓடாது ஐயா" என்றார். அவர் ஏறிப்போன பஸ் புதுக்குடியிருப்பைத் தாண்டுமுன் அதை ஓட வைத்தவன் நான். பெருமைக்குத்தான் சொல்லுகிறேன். பெருமைப்படக் காரணம் உள்ளவன் பெருமைப்படுவதில் என்ன குறை?

ஆனால் மில்லை ஓட வைத்தது நான் என்றாலும், அரிசியை அரிசியாக்கியது இன்னொரு ஆள். எங்களிடம் நெல் அவிக்கிற பெண். பெயர் எழுதமாட்டேன். ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

நெல் அவிப்பதை லேசான வேலை என்று நினைக்காதீர்கள். ஆவி கூடினால் நெல் வாய் பிளந்து குழைந்துவிடும். குறைந்தால் குற்றும்போது எல்லாம் குறுணலாய்ப் போகும். மணிக்கூடு பார்த்து அவிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவள் மணிக்கூடு பார்ப்பதில்லை. கொதிகலனுக்குப் பத்தடி தள்ளி நின்று மூக்கால் பார்ப்பாள். "இறக்குங்கோ" என்று சொன்னால் அந்த நிமிசமே இறக்கவேண்டும். முதலாளி நானே ஒருமுறை, "இன்னும் கொஞ்சம் நிக்கட்டும் பிள்ளை" என்றேன். "அப்ப நீங்களே நிண்டு அவியுங்கோ" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டாள். எனக்கு அந்த மிடுக்குப் பிடித்தது. என்னுடைய மிடுக்கும் அப்படித்தான்.

இரண்டு வருசத்துக்கு முன், கோயில் திருவிழா தொடங்க இரண்டு நாள் இருக்கும்போது, அவள் ஒரு கடிதத்தோடு என் அறைக்கு வந்தாள். டொக்டர் கொடுத்த கடிதம். இரண்டு மாதம் லீவு வேண்டும் என்றாள். கடிதம் இங்கிலீசில் இருந்தது. எனக்கு இங்கிலீசு வராது. லீவைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். நான் கேட்டேன், "என்ன எழுதிக் கிடக்கு பிள்ளை?"

அவள் போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். பிறகு சொன்னாள். வெளியூர் ஆஸ்பத்திரியில் ஒரு ஒப்பரேசன். பெண்களுக்கு வருகிற வருத்தம். அது என்ன என்று இங்கே எழுதமாட்டேன். ஒரு தரம் சொன்னதே போதும்.

"ஐயா, ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ. தங்கச்சி வீட்டை போறன் எண்டுதான் எல்லாருக்கும் சொல்லியிருக்கிறன்."

"என்ர வாயிலயிருந்து ஒரு சொல்லு வெளிய போகாது" என்றேன். உண்மையாகத்தான் சொன்னேன். வீட்டில் மனைவிக்குக்கூடச் சொல்லவில்லை. அப்படி ஐந்து நாள் காத்தேன். எனக்கு அது பெரிய சாதனை.

எங்கள் அம்மன் கோயிலில் நாலாம் திருவிழா என்னுடைய உபயம். அன்றைய பூசையும் அன்னதானமும் மில்லுடையவை. பூசை முடிந்ததும் கோயில் செயலாளர் மைக்கை என் கையில் கொடுத்து, "அண்ணை, ரெண்டு வார்த்தை" என்பார். அவர் ஒவ்வொரு வருசமும் அப்படித்தான் சொல்லுவார். நான் ஒருபோதும் இரண்டோடு நிறுத்தியதில்லை. சனமும் சிரிக்கக் காத்திருக்கும். அன்றைக்கும் சைக்கிள் கதையில் தொடங்கினேன், பஸ் புதுக்குடியிருப்பைத் தாண்டிய கதையையும் சொன்னேன், சனம் சிரித்தது. பிறகு அன்னதானத்துக்கு வந்திருந்த அத்தனை முகத்தையும் பார்த்தேன். மனம் இளகிவிட்டது. இவ்வளவு பேரும் ஒரு நிமிசம் கும்பிட்டால் அம்மன் கேளாமல் விடுவாளா என்று நினைத்தேன்.

"எங்கட மில்லில வேலை செய்யிற ஒரு பிள்ளைக்கு வாற மாசம் ஒப்பரேசன்" என்றேன். அத்தோடு நின்றேனா? அம்மனுக்கு விபரம் சரியாகச் சொல்லவேண்டாமா என்று, என்ன வருத்தம், எதை எடுக்கப் போகிறார்கள், எல்லாம் சொன்னேன். நாலு மரத்தில் ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். குளத்துக்கு அந்தப் பக்கம் மாட்டைப் பட்டிக்குச் சாய்த்துக்கொண்டு நின்றவனுக்கும் கேட்டிருக்கும்.

சனம் சிரிக்கவில்லை. பெண்கள் பக்கம் ஒரு முணுமுணுப்பு ஓடியது. அவள் அன்னதான மடத்து வாசலில் வாழையிலைக் கட்டோடு நின்றவள், கட்டை மெதுவாகக் கீழே வைத்தாள். செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு நடந்து போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டா, "இஞ்சருங்கோ, உங்களுக்கு விசரோ?"

"நான் பேர் சொல்லேல்லைத்தானே."

"மில்லில வேலை செய்யிற பொம்பிளை எத்தினை பேர்?"

ஒருத்திதான். எனக்கு அதுவரை அது நினைவுக்கு வரவில்லை.

"எனக்கே சொல்லாமல் வைச்சிருந்தியள். நல்லது எண்டு நினைச்சால், ஊருக்குச் சொல்லத்தான் சேத்து வைச்சிருந்திருக்கிறியள்" என்றுவிட்டு மனைவி குசினிக்குள் போனா. அன்று தேத்தண்ணி வரவில்லை.

அடுத்த நாள் அவள் வேலைக்கு வரவில்லை. தொட்டியில் நெல் ஊறிக் கிடந்தது. இத்தனை வருசம் மில் நடத்தியவனுக்கு அவிக்கத் தெரியாதா என்று நானே சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றேன். மூக்கை நீட்டி நீட்டிப் பார்த்தேன். எனக்கு உமிப் புகைதான் மணத்தது. இறக்கிப் பார்த்தால், பாதி நெல் வாய் பிளந்திருந்தது, மற்றப் பாதி அவியவேயில்லை. ஒரே கொதிகலனில் அது எப்படி நடந்தது என்று இன்றைக்கும் யாராலும் சொல்ல முடியவில்லை. அதிலும் நான் தனி ஆள்தான். என் வீட்டுக் கோழிகள் ஒரு மாதம் நன்றாகத் தின்றன.

மூன்றாம் நாள் சைக்கிளை எடுத்துக்கொண்டு அவளுடைய வீட்டுக்குப் போனேன். மோட்டார் சைக்கிள் இருக்கிறது. ஆனாலும் மன்னிப்புக் கேட்கப் போகிறவன் பெடலை உழக்கிக்கொண்டு போவதுதான் சரி என்று பட்டது.

முற்றம் நிறையப் பெண்கள். ஒருத்தி முருங்கையிலைச் சூப்போடு வந்திருந்தா, ஒருத்தி பப்பாப்பழத்தோடு. இன்னொருத்தி தனக்கு நடந்த ஒப்பரேசனைத் தொடக்கத்திலிருந்து சொல்லிக்கொண்டிருந்தா. எல்லோரும் இடைக்கிடை "பாவம், பாவம்" என்றார்கள். நடுவில் கதிரையில் அவள் இருந்தாள், பஸ்ஸைத் தவறவிட்ட ஆள் மாதிரி. என்னைக் கண்டதும் எழும்பி, "நீங்கள் எல்லாரும் போட்டு வாங்கோ அக்கா, முதலாளியோட ஒரு கதை இருக்கு" என்றாள். பெண்கள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்கள்.

"பிள்ளை, நான் நல்லதுக்குத்தான்..." என்று தொடங்கினேன்.

"தெரியும் ஐயா. நீங்கள் கெட்டதுக்குச் செய்திருந்தால் ஏசிப்போட்டு விட்டிருப்பன்." கதிரையை என் பக்கம் தள்ளினாள். "முகாமிலயிருந்து வந்த நாள் தொட்டு எல்லாச் சனமும் என்னைப் பாவம் எண்டுதான் சொன்னது. புருசன் இல்லை பாவம், வீடில்லை பாவம். மில்லுக்க வந்தாப்பிறகுதான் அது நிண்டது. அங்க நான் நெல்லு அவிக்கத் தெரிஞ்ச ஆள். நீங்கள் ஒரு மைக்கைப் பிடிச்சு என்னைத் திருப்பிப் பாவமாக்கிப் போட்டியள்."

அவள் தள்ளிய கதிரையில் மெதுவாக இருந்தேன்.

"இன்னொண்டு கேக்கிறன். மில்லில உங்கட கதிரையில ஒரு ரியூப் கிடக்குது."

கிடந்தது. சைக்கிள் ரியூபுக்குக் காற்றடித்து, துணி சுற்றி, அதன்மேல் இருப்பேன். எனக்கு மூலம். இதை எழுதலாம், இது என்னுடையது. கிளினிக் கொப்பியை ஒருநாள் மேசையில் மறந்துவிட்டுப் போயிருந்தேன். அவள்தான் எடுத்து மேசை லாச்சிக்குள் வைத்தாள்.

"மூண்டு வருசம், ஐயா. பொடியள் கேட்டவங்கள், ஐயா ஏன் ரியூபில இருக்கிறார் எண்டு. தராசு முள்ளு எட்டிப் பாக்க உயரம் காணாது எண்டு சொன்னனான். ஆருக்கும் ஒரு சொல்லு சொல்லியிருப்பனோ?"

நான் அந்தக் கதிரையில் ரியூப் இல்லாமல்தான் இருந்தேன். நோவு இரண்டு பக்கத்தாலும் வந்தது. ஆனால் எனக்குச் சிரிப்பும் வந்துவிட்டது. தராசு முள்! அவள் முதலில் முறைத்தாள், பிறகு அவளாலும் தாங்க முடியவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சரி பிள்ளை" என்றேன். "பத்தாம் திருவிழாவில மைக்கைப் பிடிச்சு என்ர மூலத்தை நானே சொல்லிவிடுறன். சரிக்குச் சரி."

"ஐயோ வேண்டாம். சனம் சாப்பிடுற நேரம்." பிறகு நிதானமாகச் சொன்னாள். "உங்கட கதை எனக்கு வேண்டாம். ரெண்டு விசயம் வேணும். இனி மில்லில ஆர் கடிதம் தந்தாலும் என்ன வருத்தம் எண்டு கேக்கக் கூடாது. எத்தினை நாள் எண்டு மட்டும் கேக்கலாம். மற்றது, மைக்கில சொன்னதுக்கு மைக்கிலேயே மன்னிப்புக் கேக்கோணும். ஆனால் எதுக்கெண்டு சொல்லக் கூடாது. என்னைப் பற்றி ஒரு சொல்லு வரக் கூடாது. செய்தால் சுகமாகி மில்லுக்கு வருவன். இல்லாட்டி பூநகரியில தங்கச்சியோட இருந்திடுவன்."

முதலாவது லேசு. இரண்டாவது பற்றி மூன்று இரவு யோசித்தேன். மைக்கைப் பிடித்துக் குறைவாகப் பேசுவது எப்படி என்று யாரிடம் போய்ப் பழகுவது?

பத்தாம் நாள் நானாகப் போய்ச் செயலாளரிடம் மைக் கேட்டேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டு, "அண்ணை, தீர்த்தத்துக்கு நேரமாகுது, சுருக்கமா" என்றார். பெண்கள் பக்கத்தில் அவள் தூணோடு நின்றாள். "நாலாம் திருவிழாவில நான் சொல்லக் கூடாத ஒண்டைச் சொல்லிப்போட்டன். அது பிழை, மன்னிச்சுக் கொள்ளுங்கோ" என்றேன். சைக்கிள் கதை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டேன்.

சனம் காத்திருந்தது. நானும் வாயை மூடிக்கொண்டு நின்றேன். செயலாளர் மைக் பழுதாகிவிட்டது என்று நினைத்து ஓடிவந்து, "ஹலோ, ஹலோ, செக்" என்று தட்டிப் பார்த்தார். மைக் நன்றாக வேலை செய்தது. அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்புக் கிளம்பியது. தூணடியில் இருந்துதான். பிறகு கோயிலே சிரித்தது. என் பேச்சுகளில் இன்றுவரைக்கும் சனம் மறக்காதது அதுதான்.

இரண்டு மாதம் கழித்து வந்தாள், கொஞ்சம் மெலிந்து. நேரே கொதிகலனடிக்குப் போய் மூக்கைச் சுருக்கினாள். "இவ்வளவு நாளும் இதையோ அரிசி எண்டு குடுத்தனியள்?" என்றாள். சுற்றி நின்ற பொடியன்களை ஒதுக்கிவிட்டு முந்தானையைச் செருகிக்கொண்டாள். யாரும் பாவம் என்று சொல்லவில்லை. சொல்ல அவள் நேரம் கொடுக்கவில்லை.

போன வருசம் எனக்கு மூலம் முற்றி, வெட்டித்தான் ஆகவேண்டும் என்று டொக்டர் சொல்லிவிட்டார். மில்லில் எல்லோரும் சுற்றி நின்று, "முதலாளி எங்க போறியள், ஏன் பத்து நாள்?" என்று கேட்டார்கள். நான் வாயைத் திறக்குமுன் அவள் முந்திக்கொண்டாள்.

"ஐயா கொழும்புக்குக் கல்லுப் பொறுக்கிற மெசின் பாக்கப் போறார். போய் வேலையைப் பாருங்கோ."

முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. எல்லோரும் நம்பினார்கள். திரும்பி வந்த நாளிலிருந்து பொடியன்கள் கேட்கத் தொடங்கினார்கள், "முதலாளி, மெசின் எப்ப வருது?" அடுத்த கிழமை, அடுத்த மாதம் என்று சொல்லிப் பார்த்தேன். அவள் பக்கத்தில் நின்று, "ஓம் ஐயா, எப்ப வருது?" என்று தானும் கேட்பாள்.

வேறு வழியில்லை. தைப்பொங்கலுக்கு முதல் கிழமை மெசின் வந்து இறங்கியது. இந்தப் பக்கத்தில் வேறு எந்த மில்லிலும் அப்படி ஒன்று இல்லை.