பூசைக்கு மறுநாள் திறந்த குழி

சில வருடங்களுக்கு முன்னால், சரஸ்வதி பூசை முடிந்த மறுநாள் காலையில் நடந்தது இது. இடம் நுவரெலியா. டவுனைத் தாண்டி ஓடை வளைந்து போகிற பள்ளத்தில் ஒரு பெரிய ஹோட்டலின் கழிவுநீரைச் சுத்தம் பண்ணும் பிளான்ட் இருக்கிறது. அங்கேதான் எனக்கு வேலை. இப்போதும் அங்கேதான்.

எங்கே வேலை என்று யாராவது கேட்டால் ஹோட்டலில் என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். பொய்யில்லையே! சாப்பிடுகிறவர்கள் மேலே இருக்கிறார்கள், சாப்பிட்டது வந்து சேருகிற இடத்தில் நான் இருக்கிறேன். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் என் நாத்தனார் மட்டும் விடமாட்டாள். நான் போய் உட்கார்ந்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு, மேடம் வந்துவிட்டார்கள் என்பாள். என் அம்மா மழையிலும் அட்டைக்கடியிலும் கொழுந்து பறித்ததைப் பார்த்து வளர்ந்தவள் நான். நாற்றம்தானே, இருந்துவிட்டுப் போகட்டும். தண்ணீரைப் போத்தலில் பிடித்துச் சோதிப்பது, ஓடையில் விடுமுன் தெளிந்திருக்கிறதா என்று பார்ப்பது, இதுதான் என் வேலை.

என்னோடு வேலை செய்தவர்கள் கூடப்பிறந்த அண்ணனும் தம்பியும். அண்ணன்காரர் மிஷின்களைப் பார்த்துக்கொள்வார். தம்பிக்காரர் கழிவு வருகிற வாயிலின் கம்பித் தட்டியில் வந்து மாட்டுகிற துணி, பிளாஸ்டிக் எல்லாவற்றையும் வாரிப் போடுவார், பம்ப் அடைத்துக்கொண்டால் குழிக்குள் இறங்கி எடுப்பார். தம்பிக்காரருக்கு வாய் மூடாது. அண்ணன்காரரோ கேட்டால்தான் பதில் சொல்வார். உங்கள் வீட்டுப் பேச்சு மொத்தத்தையும் ஒருத்தருக்கே கொடுத்துவிட்டார்களா என்று நான் கேலி பண்ணுவேன்.

அவர்களுடைய அப்பா தேயிலை ஃபெக்டரியில் வேலை செய்தவர். ஃபெக்டரியில் ஆயுத பூசை என்றால் சும்மா இல்லை. மிஷின்களையெல்லாம் நிறுத்தி, கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, கற்பூரம் காட்டுவார்கள். பூசை வைத்த மிஷினை அன்றைக்கு யாரும் தொடக்கூடாது. மறுநாள்தான் ஓட்டுவார்கள். இரண்டு பேரும் அதைப் பார்த்தே வளர்ந்தவர்கள். எங்கள் பிளான்டில் மிஷினை நிறுத்த விடாத சிங்கள சுப்பவைசர் ஒருத்தர் இருந்ததால், மற்ற வருடங்களில் ஓடுகிற மிஷினுக்கே ஒரு பொட்டை வைத்து முடித்துவிடுவோம். அந்த வருடம் அவர் லீவில் போயிருந்தார். பொறுப்பு அண்ணன்காரர் கையில். இந்தத் தடவையாவது முறையாகச் செய்வோம் என்று, குழிக்கும் தொட்டிக்கும் காற்று அனுப்புகிற மிஷினை நிறுத்தி, துடைத்து, செவ்வந்தி மாலை போட்டார். நானும் பொட்டு வைத்துவிட்டுக் கடலை வாங்கித் தின்றேன். மிஷினுக்கும் ஒரு நாள் ஓய்வு வேண்டாமா என்று தம்பிக்காரர் சிரித்தார்.

தேயிலை மிஷின் நின்றால் கொழுந்து காத்திருக்கும். கழிவு அப்படிக் காத்திருக்காது. காற்றில்லாமல் கிடந்தால் அது புளிக்கும், அழுகும், அதிலிருந்து விஷவாயு எழும்பும். லீவு நாள் என்பதால் ஹோட்டலில் ஆட்கள் நிறைந்து வழிந்தார்கள். வந்த கழிவெல்லாம் மூடின குழிக்குள் இரவு முழுக்கக் கிடந்தது.

மறுநாள் காலை பனிமூட்டம். எதிரே நிற்கிற ஆள் நிழல் மாதிரித் தெரிந்தார். கழிவு வந்து விழுகிற குழியில் பம்ப் அடைத்துக்கொண்டுவிட்டது. ஹோட்டல் டவல் ஏதாவது சிக்கியிருக்கும், அது வழக்கம்தான். மூடியைத் திறந்ததும் அழுகின முட்டை நாற்றம் முகத்தில் அறைந்தது. நாங்கள் மூன்று பேரும் பின்வாங்கினோம். கொஞ்ச நேரம் நின்றோம். பிறகு தம்பிக்காரர் குனிந்து மோந்து பார்த்துவிட்டு, "நாத்தம் போயிருச்சு" என்றார். எனக்கும் நாற்றம் தெரியவில்லை. போனது நாற்றமில்லை, எங்கள் மூக்கு. அந்த வாயு அதிகமானால் மூக்கு மரத்துப்போய்விடும் என்பதை ஆஸ்பத்திரியில்தான் பிறகு சொன்னார்கள். 

ஈரம் படாமலிருக்க தம்பிக்காரர் இடுப்பில் படங்கு கட்டியிருந்தார். கொழுந்து எடுக்கிற பெண்கள் கட்டுகிற தடித்த விரிப்புத்தான், அவருடைய அம்மாவுடையது. அது அவிழாமலிருக்க மேலே கயிற்றை இறுக்கிச் சுற்றிக்கொண்டு இரும்பு ஏணியில் இறங்கினார். இறங்கும்போதும் பேச்சு. டவல் கிடைத்தால் துவைத்து உங்கள் நாத்தனாருக்கே கொடுக்கிறேன் என்று ஏதோ சொல்லிக்கொண்டு போனவர் பாதிப் பேச்சில் நின்றுவிட்டார்.

விளையாடுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். எட்டிப் பார்த்தேன். களைத்துப் போனவர் மாதிரி ஏணிப்படியில் உட்காரப் பார்த்தார். கை நழுவியது. சத்தமே போடாமல் கீழே சரிந்து, பம்பின் மேல் விழுந்து, அதன் சங்கிலியில் சாய்ந்து கிடந்தார். முகம் தண்ணீருக்கு மேலே இருந்தது. கண் திறந்திருந்தது. அது எதையும் பார்க்கவில்லை.

அண்ணன்காரர் அதற்குள் ஒரு காலை ஏணியில் வைத்துவிட்டார். எனக்கு என்ன தோன்றியதென்று கேட்டால் சொல்லத் தெரியாது. எப்போதோ பாதுகாப்பு வகுப்பு என்று உட்கார வைத்து ஒரு படம் காட்டினார்கள். தூங்கி வழிந்துகொண்டு பார்த்த படம். அதில் ஒருவர் விழுவார், காப்பாற்ற இறங்கினவர் அவர் மேலேயே விழுவார், அடுத்தவர் அவர் மேலே. அந்த ஒரு காட்சிதான் கண் முன்னால் வந்தது. பாய்ந்து அண்ணன்காரரின் இடுப்பைக் கட்டிப் பிடித்துவிட்டேன்.

கூச்சம் பார்க்கிற நேரமில்லை. அவர் திமிறினார். முழங்கையால் இடித்தார், என் உதடு கிழிந்து இரத்தம் வாயில் உப்புக் கரித்தது. என் ஒரு காலைக் கைப்பிடிக் கம்பியில் கொக்கி மாதிரி மாட்டிக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். என்னையும் சேர்த்து இழுத்தார். விடு, விடு என்று வாய்க்கு வந்தபடி ஏசினார். அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை.  பிடி விட்டால் இரண்டு சாவு, விடாவிட்டால் ஒன்று என்று மனசு கணக்குப் போட்டது. அந்தக் கணக்கைப் போட்டது நான்தான் என்று இன்றைக்கும் நம்பப் பிடிக்கவில்லை.

"நீங்களும் போயிட்டா அவர யாருண்ணே தூக்குறது? காத்தக் கொண்டாங்க. காத்துக் கொழாயக் கழட்டிக் கொண்டாங்க."

அது அவர் காதில் விழுந்ததா, அல்லது காற்று என்ற சொல் மட்டும் விழுந்ததா, தெரியாது. திமிறினவர் நின்றார். மிஷின் ரூமுக்கு ஓடினார். பிடி விட்ட பிறகும் என் கை வட்டமாக வளைந்தபடியே இருந்தது.

சத்தம் கேட்டு கேட்டிலிருந்து செக்யூரிட்டி ஓடிவந்தார். வயதான சிங்கள மனிதர். குழியைப் பார்த்த உடனே அவரும் ஏணியைப் பிடித்தார். "எபா, எபா" என்று நான் அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்தேன். வேண்டாம் என்பதற்கு அந்த நேரத்தில் எனக்கு வந்த சிங்களம் அவ்வளவுதான். தட்டி வாருகிற நீளக் கம்பு ஒன்று உண்டு, நுனியில் இரும்புக் கொக்கி இருக்கும். அதைக் காட்டினேன். அவர் புரிந்துகொண்டார்.

மிஷின் ரூமில் மாலையோடு மிஷின் ஓடத் தொடங்கியது. பூ சிதறியது. அண்ணன்காரர் தடித்த ரப்பர் குழாயை இழுத்துக்கொண்டு வந்து குழிக்குள் விட்டார். நல்ல காற்று உள்ளே இறங்க இறங்க, நாங்கள் மூன்று பேரும் முகத்தைத் திருப்பி மூச்சு வாங்கிக்கொண்டு கொக்கியை விட்டுத் துழாவினோம். அவர் போட்டிருந்த குளிர்க் கோட்டில் மாட்டியது, கிழிந்துவிட்டது. மறுபடி விட்டோம். கை வழுக்கியது. எனக்கு அழுகை வந்துவிட்டது, அழுதுகொண்டே துழாவினேன். முருகா, முருகா என்று நான் சொல்ல, பக்கத்தில் செக்யூரிட்டி தன் பாஷையில் எதையோ முணுமுணுத்தார். கடைசியில் படங்குக்கு மேலே கட்டியிருந்த கயிற்றில் கொக்கி மாட்டியது.

இழுத்தோம். வருகிற மாதிரி வந்து சங்கிலியில் சிக்கிக்கொண்டது. சிக்கலை எடுக்க அண்ணன்காரர் குப்புறப் படுத்துத் தலையைக் குழிக்குள் விட, நான் அவர் காலின் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டேன். மறுபடியும் இறங்கிவிடுவாரோ என்ற பயம் எனக்குப் போகவே இல்லை. ஆளை வெளியே போட்டபோது உதடு நீலம் பாரித்து, உடம்பு கல் மாதிரிக் கனத்தது. செக்யூரிட்டி நெஞ்சை அமுக்கினார். நானும் அண்ணன்காரரும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். ஓடைத் தண்ணீர் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. அந்த நேரம் எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியாது. பிறகு ஒரு இருமல் வந்தது. ஒரே ஒரு இருமல். அண்ணன்காரர் புல்லில் தலையை வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார்.

ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள் வைத்திருந்தார்கள். பிழைப்பாரா, பிழைத்தாலும் பழைய ஆளாக எழும்புவாரா என்று யாரும் உறுதி சொல்லவில்லை. தினமும் வேலை முடிந்ததும் நான் போய் வாசல் பெஞ்சில் உட்காருவேன். அண்ணன்காரர் என் முகத்தைப் பார்க்க மாட்டார், நானும் பேச மாட்டேன். தம்பிக்காரர் வாய் திறந்து தேத்தண்ணி கேட்ட அன்றைக்குத்தான் அண்ணன்காரர் வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். தரையைப் பார்த்தபடியே கேட்டார்.

"அவன் செத்துட்டான்னு நெனச்சுத்தானே என்னைய பிடிச்ச?"

 மழுப்பிவிடலாமா என்று பார்த்தேன், வாய் வரவில்லை. "ஆமாண்ணே" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. தலையை ஆட்டினார்.

"நானும் அப்பிடித்தான் நெனச்சேன். அவன் இல்லாம எங்கம்மா மூஞ்சியில எப்பிடி முழிக்கிறது? அதான் எறங்கப் பாத்தேன்."

அவர் காப்பாற்றத்தான் இறங்குகிறார் என்று அதுவரைக்கும் நான் நினைத்திருந்தேன்.  தம்பியோடு சாகப் போனவரை நான் பிடித்து வைத்திருந்தேன் என்று அந்தப் பெஞ்சில்தான் தெரிந்தது.

இப்போதும் பூசை வைக்கிறோம், மிஷின் ஓடிக்கொண்டே இருக்கும். குழிக்குள் ஆளை இறக்குவதில்லை, பம்பையே சங்கிலியோடு மேலே தூக்கிவிடுகிறோம். லயத்தில் என்னைத் தைரியசாலி என்கிறார்கள், நாத்தனார்கூட இப்போது மூக்கைப் பிடிப்பதில்லை. தைரியமாவது மண்ணாவது. அன்றைக்கு என்னிடம் இருந்தது பயம் மட்டும்தான். ஒரே மனிதர் செத்துப்போனார் என்று இரண்டு பேர் முடிவு கட்டியிருந்த அந்தக் காலையில் அவர் கீழே உயிரோடு கிடந்தார் என்பதை நினைக்கும்போதெல்லாம், எவ்வளவு கெட்ட நிலையில் யாரைப் பார்த்தாலும், அவர் முடிந்துபோனார் என்று சொல்ல எனக்கு நாக்கு எழும்புவதில்லை.