இறுக்கிப் பிடித்த மூச்சு

தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வர என் மகள் ஒரு நிபந்தனை போட்டாள். கோயம்புத்தூரிலிருந்து போனில் சொன்னாள்: "நீங்க சத்தம் போடாம இருந்தா வாரனுங்கப்பா. இல்லீன்னா இங்கயே பெத்துக்கறேன்."

எனக்குக் கோபம் மூக்கு நுனியில். தேயிலை பேக்டரியில் மிஷின் சத்தத்தையும் மீறி என் சத்தம் கேட்கும். அவள் சொன்னது வலித்தது, ஆனால் பொய்யில்லையே. என் பேரப்பிள்ளை இந்த வீட்டுக்குத்தான் முதலில் வரவேண்டும், விடுவதில்லை என்று முடிவெடுத்தேன்.

குன்னூரில் ஒரு பிக்கு ஞாயிறுதோறும் பௌத்த தியானம் சொல்லிக்கொடுத்தார். கோபத்தை அடக்க அவரிடம் போனேன். அவருக்கு என் வயதில் பாதி இருக்கும். "மூச்சு தானா வருது, போகுது. அது தெரிஞ்சா போதும். நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம்" என்றார். ஒன்றும் பண்ணாமல் இருப்பதா? முப்பது வருஷம் வேலை வாங்கிப் பழகியவன் நான். விடியற்காலையில் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். கோபத்தை அடித்து விரட்டினேன். ஒரு மாதத்தில் கழுத்து பிடித்துக்கொண்டது.

மனைவி தைலம் தேய்த்துக்கொண்டே கேட்டாள்: "ஏனுங்க, மூச்சைப் பாக்கறீங்களா, அதுகூட மல்லுக்கட்டறீங்களா?"

அன்று பேக்டரியில், வாட வைத்த இலைக்குப் பதம் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு பிடி அள்ளி உருண்டையாக அமுக்கி, கையை விரிக்க வேண்டும். பதமான இலை மெதுவாகத் தானே பிரியும். புதிதாகச் சேர்ந்த சூப்பர்வைசர் அம்மா அமுக்கிய கையை விரிக்காமலே நின்றார். "கையை விடும்மா! விட்டாத்தானே தெரியும்!" என்று கத்தினேன். கத்திய பிறகுதான், அது எனக்கே சொன்னதுபோல் பட்டுத் திகைத்துப்போனேன்.

மறுநாள் பல்லைக் கடிக்கவில்லை. கோபம் வந்தது, தெரிந்தது, கொஞ்சம் இருந்துவிட்டுப் போனது. வெளியே தேயிலைத் தோட்டத்துக்குள் காட்டெருமை செருமியது, அதுவும் தெரிந்தது. பிடிவாதத்தை மட்டும் விடவில்லை. ஒரு நாள் தவறாமல் உட்கார்ந்தேன்.

வளைகாப்பு முடிந்து மகள் வந்தாள். நான்கு நாளாகியும் பெட்டியைப் பிரித்து வைக்கவில்லை. வேண்டிய துணியை எடுப்பாள், மறுபடி மூடிவிடுவாள். எனக்கு ஏன் என்று தெரியும்.

ஐந்தாம் நாள் மழை. வீட்டுக்கு ஏறும் படி வழுக்கும், தனியாக இறங்காதே என்று சொல்லியிருந்தேன். வேலை முடிந்து வந்தால், கீழே பேக்கரியில் வாங்கிய வர்க்கி பிஸ்கட் பொட்டலத்தோடு, ஏழு மாத வயிற்றோடு, நனைந்தபடி ஏறி வருகிறாள். தொண்டைவரை சூடு ஏறியது. ஏறுவது தெரிந்தது. நான் அதைத் தள்ளவுமில்லை, பிடிக்கவுமில்லை. அவள் வாசலிலேயே நின்று, திட்டு விழப்போகிறது என்று தோளைக் குறுக்கிக்கொண்டாள். அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்தது.

"பயந்துட்டேன் கண்ணு" என்றேன். "தலையத் துவட்டு. எனக்கொரு வர்க்கி குடு."

அவள் தோளைத் தளர்த்தினாள். பொட்டலத்தை என் கையில் கொடுத்தாள். பிறகு உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து, துணிகளை ஒவ்வொன்றாக அலமாரியில் அடுக்கத் தொடங்கினாள்.