மச்சாளின் கிணறும் மகளின் முதல் நன்மையும்

கடவுள் மன்னித்துவிட்ட பாவத்தைப் பக்கத்து வீட்டில் இருப்பவர் மன்னிக்காவிட்டால், அது போய்விட்டதா, இருக்கிறதா? என் எட்டு வயது மகள் கேட்டாள். எனக்கு இன்னும் தெரியவில்லை.

பக்கத்து வீட்டில் இருப்பவர் என் கணவரின் அக்கா, எனக்கு மச்சாள். தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து இலங்கைக்குத் திரும்பி வந்தபோது, மாமனாரின் வளவுக் காணியில் பாதியில் நாங்கள் வீடு போட்டோம். முழு வளவும் தன் சீதனம் என்கிறார் மச்சாள். நடுவில் கிடுகு வேலி. நல்ல தண்ணீர்க் கிணறு அவருடைய பக்கம். நாங்கள் தோண்டியதில் வந்தது உவர் நீர். முதலில் அள்ள விட்டார். பிறகு ஒருநாள், "இந்தியாக்காரிக்கு வார்க்க நான் இஞ்ச தண்ணீர்ப்பந்தலோ போட்டிருக்கிறன்?" என்று படலையைப் பூட்டிவிட்டார்.

அன்றிலிருந்து எங்களுக்குப் பவுசர் வண்டி கொண்டுவரும் தண்ணீர்தான். ஒவ்வொரு குடம் தூக்கும்போதும் நான் மச்சாளைத் திட்டுவேன். பிள்ளை கேட்டுக்கொண்டுதான் நின்றிருப்பாள். ஒருநாள், நான் மீன் வெட்டி வைத்த சட்டியை அவள் தூக்கிக்கொண்டு வேலிப் பொட்டுக்குள்ளால் நுழைந்து போய், குடலையும் செதிலையும் அந்தக் கிணற்றில் கொட்டிவிட்டாள். நாற்றம் எடுத்த பிறகுதான் எல்லோருக்கும் தெரிந்தது. கிணறு இறைத்துத் தெளியும்வரை மச்சாளும் பவுசருக்கு நின்றார், எனக்குப் பின்னால். எனக்கு இரக்கம் வரவில்லை.

பிள்ளைகள் முதன்முறை நற்கருணை வாங்கும் முதல் நன்மைக்கு முன்னர், பங்குச் சுவாமியிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனம் வைத்தார்கள். அது முடிந்து மகள் கோயிலிலிருந்து ஓடிவந்தாள். வீட்டுக்கு வரவில்லை, நேரே மச்சாளின் படலைக்குப் போனாள்.

"மாமி, என்ர பாவம் போயிட்டுது. சுவாமி சொன்னவர்."

நல்ல செய்தி சொல்லப் போயிருக்கிறாள்.

"அவருக்கென்ன, சொல்லுவார். நாறின தண்ணி குடிச்சது நானோ, சுவாமியோ?"

"சுவாமி சொன்னபடி மூண்டு அருள் நிறைந்த மரியே செபம் சொன்னனான், மாமி."

"அதில என்ர கிணறு கழுவுப்பட்டுதோ? இதையும் கொம்மாவோ சொல்லித் தந்தவ?"

நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றேன். "சின்னப் பிள்ளையோட ஏன் கொழுவுறீங்கள் மச்சாள்?" என்றேன்.

"அப்ப பெரிய பிள்ளை நீ வா. நீ வந்து மன்னிப்புக் கேள்."

நான் போகவில்லை.

அதன் பிறகு மகள், "நான் நன்மை எடுக்கமாட்டன். மாமி இன்னும் மன்னிச்சு விடேல்லை" என்று சொல்லத் தொடங்கினாள். யேசு சிலுவையில் சுமந்தது எல்லோருடைய பாவத்தையும், அதில் கிணற்றில் கொட்டினதும் இருக்கிறது என்று சொல்லிக்கொடுத்தேன். சும்மா சொல்லவில்லை. ஒரு மனிதர் செய்த கெட்டது அவருக்கு என்றைக்கும் நிலைத்த பெயராக இருக்கவேண்டியதில்லை என்ற அந்த வாக்கை நம்பித்தான் நான் வளர்ந்தேன். மகள் கேட்டுவிட்டு, "அப்ப மாமிக்கு ஆர் சொல்லுறது?" என்றாள்.

நன்மை கொடுக்கும் ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டையும் தலையில் பூமுடியுமாக, போய் மச்சாளின் படலையில் நின்றுவிட்டாள். கூப்பிட்டும் வரவில்லை. கணவர் மோட்டார் சைக்கிளை முறுக்கிக்கொண்டிருந்தார். கோயில் மணியும் அடித்துவிட்டது. மச்சாள் விளக்குமாற்றோடு வெளியே வந்து அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"போடி. பூசைக்குப் பிந்தப்போகுது. சட்டையெல்லாம் புழுதி."

குனிந்து சட்டை ஓரத்தைத் தட்டிவிட்டார். நிமிர்ந்து என்னைப் பார்த்ததும் காறித் துப்பினார்.

"அது மன்னிப்போ அம்மா?" என்று வழியில் மகள் கேட்டாள். ஓம் என்றேன். நன்மை எடுத்துவிட்டுக் கைகூப்பியபடி அவள் திரும்பி வந்ததைப் பார்த்தபோது, எங்கள் எல்லோருக்குமே மீட்பு இருக்கிறது, காறித் துப்பிய மச்சாளுக்கும்கூட, என்று தோன்றியது. இப்போதும் பல்லைக் கடித்துக்கொண்டு அதை நம்புகிறேன்.

தவக்காலம் வருகிறது. மகள் மறுபடி பாவசங்கீர்த்தனத்துக்குப் போகவேண்டும். இந்தமுறை முதலில் மாமியிடம் போவதாம், நானும் வரவேண்டுமாம். நான் போய் நின்றால் வளவை விட்டுக்கொடுத்துவிட்டோம் என்று மச்சாள் ஊரெல்லாம் சொல்வார். கணவரும் அதைச் சொல்லித்தான் தடுக்கிறார். போகாவிட்டால், நான் சொன்ன 'ஓம்' பொய் என்று பிள்ளை எடுத்துக்கொள்வாள். பொய்யா என்று எனக்கே உறுதியில்லை. இதை வாசிப்பவர்களில் சொந்தத்துக்குள் இப்படிப் பகைத்துக்கொண்டு வாழ்ந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்: பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகவா? போனால், அவர் வாய் திறப்பதற்கு முன் நான் எதைச் சொல்ல?