சேலை கட்டிய தளபதியும் என் சைக்கிளும்

வாடகை நூலகத்தில் வேலை பார்ப்பவன் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான்: வாசகர்கள் திட்டுவது எழுத்தாளரை, வாங்கிக்கொள்வது நாம்.

தொண்ணூறுகளின் நடுவில், பி.எஸ்சி. முடித்து வேலைக்கு மனுப் போட்டுக் காத்திருந்த காலத்தில், கோவையில் புத்தகங்களைச் சைக்கிளில் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். ஓர் உறுப்பினர் விலகினாலும் முதலாளி என் முகத்தைத்தான் பார்ப்பார். கதவு தட்டிப் பிழைத்தவர்களுக்கு அந்தப் பார்வை தெரியும்.

அப்போது பார்த்து ஒரு நாவல் வந்தது. வெள்ளைக்காரர்களின் கப்பல்கள் புயலில் மூழ்கி, அவர்கள் நம் கரைக்கு வராமலே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்கிற கற்பனைச் சரித்திரம். அந்தக் கொங்கு நாட்டில் ஆணோ பெண்ணோ, பிடித்ததைக் கட்டிக்கொள்ளலாம். தளபதி சேலை கட்டிக் குதிரை ஏறுவார். வரி வசூலிக்கும் அம்மாள் வேட்டி கட்டுவாள். தலைப்பை யாரும் நினைவில் வைக்கவில்லை. ‘கப்பல் கதை’ என்றே சொன்னார்கள்.

ஒரு வரி விட்டுப்போச்சு

உக்கடத்தில் ஜாக்கெட் தைக்கும் கடை வைத்திருந்தவர் காதர் பாய். அட்டையில் மீசையும் சேலையுமாக நின்ற தளபதியைப் பார்த்ததும் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்தார். கடைக்குப் பெண்கள் வந்துபோகிறார்கள், இதெல்லாம் இங்கே ஆகாது என்றார். மன்னிப்புக் கேட்டுக் கை நீட்டினேன். வந்தது வந்துவிட்டது, இருக்கட்டும் என்றார்.

அடுத்த வாரம் திருப்பித் தந்தபோதும் முகம் சரியில்லை. விலகப்போகிறார் என்று நினைத்துக்கொண்டேன். “இத்தனை பக்கம் எழுதினவரு, அந்தத் தளபதிக்கு ஜாக்கெட் தெச்சுக் குடுத்தது யாருன்னு ஒரு வரி எழுதலை பாருங்க தம்பி.”

போத்தனூரில் ஒரு கேள்வி

போத்தனூர் ருக்குமணியம்மா குடும்ப நாவல் தவிர எதுவும் கேட்டதில்லை. ஒரு நாள் கேட்டுக்கு வெளியே வந்து, ஆம்பளை சேலை கட்டுகிற மாதிரி கதை ஏதாவது உண்டா என்று தாழ்ந்த குரலில் கேட்டார். காரணத்தையும் அவரே சொன்னார். மூத்த பிள்ளை பெங்களூரில் சேலை கட்டிக்கொண்டு வாழ்கிறது. பொங்கலுக்கு வீட்டுக்கு வர ஆசைப்படுகிறது. வேட்டியோடு வந்தால் வரட்டும், இல்லாவிட்டால் வேண்டாம் என்று அப்பா சொல்லிவிட்டார்.

அப்பா ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கண் ஆபரேஷன் ஆகிப் படுத்திருந்தார். பொழுது போக மனைவிதான் தினமும் கதை படித்துக் காட்டிக்கொண்டிருந்தார். “நானாச் சொன்னா சண்டையாவுதுங்க தம்பி. கதையில வந்தா கேட்டுக்குவாரு.”

சிவப்பு மை

அந்தப் புத்தகம் அப்போது சிங்காநல்லூரில், ஓய்வு பெற்ற ஒரு தமிழாசிரியரிடம் இருந்தது. வாங்கிப் பிரித்தேன். தளபதி வரும் இடமெல்லாம் ‘சேலை’யை அடித்துவிட்டு, மேலே சிவப்பு மையில் ‘வேட்டி’ என்று எழுதியிருந்தார். அச்சுப்பிழை என்று நினைத்தேன் என்றார். முதலாளிக்கு என்ன பதில் சொல்வது என்று யோசித்தபடி புரட்டினால், பாதிக்கு மேல் ஒரு திருத்தமும் இல்லை. ஏனுங்க ஐயா, மறந்துவிட்டீர்களா என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அதுக்கு மேல வேட்டி கட்டிவிட்டா, எனக்கே அந்தத் தளபதி யாரோ மாதிரி இருக்குதுங்க தம்பி.”

நொய்யலில் வெள்ளம்

வேறு பிரதி இல்லை. மை விஷயத்தைச் சொல்லிக் கொடுக்கலாம் என்று போனேன். நான் வாய் திறப்பதற்குள் ருக்குமணியம்மா புத்தகத்தை முந்தானையில் மறைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். சிவப்பு மையில் இருப்பதுதான் சரி, சேலை பின்னால் வரும் என்று நம்பி அப்படியே படித்திருக்கிறார். வேட்டி கட்டிய தளபதியை அப்பாவுக்கு மிகவும் பிடித்துப்போனது. தோளில் அம்பு பாய்ந்த தளபதி நொய்யல் வெள்ளத்தில் இறங்கும் இடத்தில் சிவப்பு மை தீர்ந்தது. தளபதி சேலையை இழுத்துச் சொருகினார் என்று இருந்தது. வாய்விட்டுப் படித்த பிறகுதான், வேட்டி திடீரென்று சேலையானது உறைத்திருக்கிறது. அதோடு நிறுத்திவிட்டாராம்.

கட்டுப் போட்ட கண்ணோடு அப்பா சொன்னதை அந்த அம்மா என்னிடம் அப்படியே சொன்னார்: “ஏன் அம்மணி நிறுத்திப்போட்டே? துணியை மாத்திக்கிட்டாரு, அவ்வளவுதானே. கரையேறினாரா இல்லையா, அதைப் படி.”

பொங்கலன்று

பொங்கலன்று எங்களுக்கு விடுமுறை இல்லை. போத்தனூர் வீட்டுக் கேட்டைத் திறந்தேன். வாசலில் அடுப்பு மூட்டி, பச்சைச் சேலை கட்டிய ஒருவர் பானைக்குள் அரிசி போட்டுக்கொண்டிருந்தார். அண்ணா என்பதா, அக்கா என்பதா என்று தெரியாமல் பொதுவாக ‘ஏனுங்க’ என்று கூப்பிட்டேன். அவர் சிரித்துவிட்டுப் புத்தகத்தை வாங்கக் கையைத் துடைத்தார். ருக்குமணியம்மா கரும்போடு கதவோரம் நின்று கணவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்பா கறுப்புக் கண்ணாடியோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கட்டுப் பிரித்துச் சில வாரம் ஆகியிருந்தது. பிள்ளையை வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லையாம். காற்று திரும்பி அடுப்புத் தீ ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அவர் சட்டென்று முன்னால் குனிந்தார். “முந்தானையை இழுத்துச் சொருகிக்க கண்ணு, தீ பட்றப் போவுது.”

பட்டம் எனக்கு வேலை வாங்கித் தரவில்லை, ஆனால் யார் எதைக் கட்டியிருந்தாலும் ‘ஏனுங்க’ என்று கூப்பிட்டுவிட்டால் கொங்கு நாட்டில் பிழைத்துக்கொள்ளலாம் என்பதைச் சைக்கிள் மிதித்துத்தான் தெரிந்துகொண்டேன்.