திண்டிவனத்து சோடா

கொரோனா ஊரடங்கு. மரக்காணம் உப்பளத்தில் உப்பு வாரிக்கொண்டிருந்த தேசப்பன் நெஞ்சைப் பிடித்தபடி வரப்பில் உட்கார்ந்தான்.

"கேஸ்தான். ஒரு சோடா குடிச்சா சரியாப்பூடும்" என்றான் மனைவி சாமுண்டீஸ்வரியிடம். நெஞ்சுவலிக்கு அவனுக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான். அன்று எந்தக் கடையும் திறக்கவில்லை.

அவன் முதுகைத் தொட்டுப் பார்த்தாள். அந்த வெயிலிலும் வேர்வை சில்லென்று இருந்தது.

"ஆஸ்பத்திரி போலாம்யா."

"வரமாட்டேன். கொரோனான்னு உள்ள தள்ளிடுவாங்க. செத்தா மூஞ்சியக்கூட காட்டமாட்டாங்க."

உப்பு லாரிகள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன. "திண்டிவனத்துல சோடா விக்கிறாங்களாம், வாய்யா" என்று ஒரு லாரியில் ஏற்றி, ஆஸ்பத்திரியில் இறக்கினாள்.

அங்கே முதலில் மூக்கில் குச்சி விட்டார்கள். பிறகுதான் மாரடைப்புக்கு ஊசி. அவளை உள்ளே விடவில்லை. வெளியே மரத்தடியில், முகத்தைப் பார்ப்போமா என்று உட்கார்ந்திருந்தாள்.

உடம்பெல்லாம் மூடிய நர்ஸ் வந்தாள். "பொழைச்சிட்டாரும்மா. சோடா எங்கன்னு ஒரே சண்டை."

இப்போது எல்லாக் கடையும் திறந்திருக்கிறது. அவள் இன்னும் வாங்கித் தரவில்லை. "ஏமாத்துக்காரி" என்று பார்ப்பவரிடமெல்லாம் பெருமையாகச் சொல்கிறான் தேசப்பன்.