மாடிப்படிக்குக் கீழே கிடந்த கார்டுகள்

பம்பாயில் தமிழ் ஒரு பூட்டு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எண்பதுகளில் செம்பூரில் நாங்கள் குடியிருந்த கட்டடத்தில் மராத்திக்காரர்கள், சிந்திக்காரர்கள், மேல்மாடியில் ஒரு குஜராத்திக் குடும்பம். தமிழ் வாசிக்கத் தெரிந்தது எங்கள் வீடு ஒன்றுதான். கணவருக்குக் கப்பலில் வேலை. தூத்துக்குடியிலிருந்து அக்கா வாரம் ஒரு தபால் கார்டு போடுவாள். தபால்காரர் எல்லாக் கடிதங்களையும் மாடிப்படிக்குக் கீழே ஒரு பலகையில் வைத்துவிட்டுப் போவார். நான் ஆபீசிலிருந்து திரும்பும்வரை அவை அங்கே வெயில் காய்ந்துகொண்டிருக்கும். உறையில் போட்டு அனுப்பு என்று அக்காவிடம் நான் சொன்னதே இல்லை. யார் படிக்கப் போகிறார்கள்?

வேறு வீடு பார்த்து முன்பணம் சேர்த்திருந்தேன். பேங்குக்குப் போக லீவு கிடைக்கவில்லை என்று எழுதியதற்கு, 'அரிசி டின்னிலேயே இருக்கட்டும், என்ன அவசரம்' என்று பதில் வந்தது. கடைசி வரி வழக்கம்போல, 'பாப்பாவுக்கு முத்தம்.'

என் மகள் பாப்பாவுக்கு அப்போது ஒன்பது வயது. பள்ளி விட்டு வந்து தானே பூட்டைத் திறந்துகொள்வாள். அந்தக் கார்டு வந்த வாரம், ஒரு மத்தியானம், ஒருவன் கதவைத் தட்டியிருக்கிறான்.

"ஏ பாப்பா, நான் ஒங்க பெரியம்மா ஊர்க்காரன். ஒங்கம்மா ரயில்ல இருந்து விழுந்துட்டா. சயான் ஆஸ்பத்திரில கெடக்கா. அரிசி டின்னுல இருக்க ரூவாய எடுத்துட்டு எங்கூட வா."

அவள் எடுத்துக் கொடுத்தாள். வீட்டைப் பூட்டினாள். அவனோடு ஸ்டேஷன்வரை நடந்தாள். "இங்கயே நில்லு, டிக்கெட் எடுத்துட்டு வாரேன்" என்று போனவன் திரும்பவில்லை.

இப்போதும் கண்ணை மூடினால் ஆபீசிலிருந்து நான் திரும்பிய அந்த ரயில் வருகிறது. நிற்கவே மனமில்லாததுபோல மெதுவாக வருகிறது. ஜன்னல் கம்பிகளுக்கு அப்பால் கடிகாரத்துக்கு அடியில் நீலப் பாவாடை. சாவியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருக்கிறாள். கூட்டம் அவளைச் சுற்றித் தண்ணீர்போல விலகிப் போகிறது. நான் இறங்கி ஓடினேன். அவள் என் கைகளைப் பார்த்தாள், கால்களைப் பார்த்தாள்.

"அம்மா, உனக்கு அடிபடலையா?"

சிரித்தாள். பணம் போனது எனக்கு வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. அவன் இரண்டு டிக்கெட் எடுத்திருந்தால்? கனவில் சில நாள் எடுத்துவிடுகிறான்.

கார்டைப் பார்த்த போலீஸ்காரர் இந்தியில் கேட்டார். "தாராவி இங்கேயிருந்து எவ்வளவு தூரம் மேடம்? தமிழ் படிச்சவன் எவனும் பஸ் ஏறி வரமாட்டானா?"

அதன்பின் அக்கா உறையில்தான் எழுதினாள். நானும் பாப்பாவும் ஒரு வார்த்தை வைத்துக்கொண்டோம். நான் அனுப்பியதாக யார் வந்தாலும் அதைச் சொல்ல வேண்டும். வார்த்தையை அவள்தான் தேர்ந்தெடுத்தாள். இங்கேகூட அதை எழுத மாட்டேன்.

அடுத்த மழைக்காலத்தில் ஒரு நாள் குர்லாவில் தண்டவாளம் மூழ்கி ரயில் நின்றுவிட்டது. எங்கள் தெருமுனைக் கடைக்குப் போன் செய்து, நான் வர நேரமாகும் என்று பாப்பா சித்திபோலப் பழகும் கீழ்வீட்டு மராத்திக்கார மௌசியிடம் சொல்லச் சொன்னேன். வார்த்தையைச் சொல்ல மறந்துபோனேன். நனைந்துகொண்டு வந்து சேர்ந்தபோது மௌசி தன் வீட்டு வாசலில் தட்டோடு நின்றாள். தட்டில் அவல் ஆறிப்போயிருந்தது.

"உன் பொண்ணு எனக்குக் கதவு திறக்கலை" என்றாள். "அவளுக்கு மொட்டை போட்டப்ப யார் மடியில உட்கார்ந்திருந்தாளாம்?"

தட்டை வாங்கிக்கொண்டு மேலே போனேன்.

"நான்தான் பாப்பா."

உள்ளே காலடி வந்து கதவருகே நின்றது.

"சொல்லு" என்றாள்.

படிக்கட்டில் யாருமில்லையே என்று ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். கதவிடுக்கில் வாயை வைத்து மெதுவாகச் சொன்னேன். தாழ்ப்பாள் விலகியது. அவள் முதலில் என் கைகளைப் பார்த்தாள், பிறகு கால்களை.