ஒரு முறை மட்டும் கேட்பவர்கள்

விடுமுறையில் ஆரணிக்கு வந்த இரண்டாம் நாள் காலை, நான் ஓடிக்கொண்டிருந்ததைப் பார்த்து ஒரு பேருந்து நின்றது. எனக்கும் அந்தப் பேருந்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. படவேடு போகும் சாலையில் அது என்னைக் கடந்து போனது, அவ்வளவுதான். பின்னால் மொபெட்டில் வந்த ஒருவர், "பஸ்ஸ வுட்டுட்டியாமா? இரு, இரு" என்று சொல்லிவிட்டு, ஹாரனை அடித்தபடியே முந்திப்போய் ஓட்டுநருக்குக் கையை ஆட்டினார். பேருந்து ஓரம் கட்டியது. கண்டக்டர் படியில் தொங்கியபடி காத்திருந்தார். சன்னல்தோறும் தலைகள். நான் அதே வேகத்தில் ஓடிவந்து, படியைத் தாண்டி, பேருந்தையும் தாண்டிப் போனேன்.

"ஏம்மா, ஏறலியா?"

"இல்லண்ணா, சும்மா ஓடறேன்."

"சும்மா ஓடறதுக்கா பஸ்ஸ நிறுத்தன?"

நான் நிறுத்தவில்லை என்று விளக்க மூச்சு போதவில்லை. பேருந்து மறுபடி என்னைக் கடந்தபோது உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் கேட்டது: "வூட்ல சண்ட போட்டுகினு போவுது போல கீது. யாருனா கூட போங்கப்பா."

அந்த வாரம் ஓடும்போது என்னிடம் கேட்கப்பட்டவற்றை வகை பிரித்து வைத்திருக்கிறேன். மென்பொருள் சோதனை செய்பவளுக்கு வேறு எப்படியும் நினைவில் வைத்துக்கொள்ளத் தெரியாது. முதல் வகை, வண்டியில் ஏறிக்கொள்ளச் சொல்பவர்கள். இரண்டாவது, யாராவது துரத்துகிறார்களா என்று எனக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பவர்கள். மூன்றாவது, சுகர் எவ்வளவு என்று விசாரிப்பவர்கள். இந்த மூன்று வகையினருக்கும் பொதுவான ஒன்று உண்டு: நான் "வேணாங்க" என்று சொன்னதும் யாரும் போய்விடுவதில்லை. வேகத்தைக் குறைத்துக் கூடவே வருவார்கள். இரண்டாவது முறை கேட்பார்கள். மூன்றாவது முறை கேட்கும்போது என் அப்பா பெயரையும் கேட்பார்கள். அதற்குள் என் ஓட்டம் நடையாகி, நடை நிற்றலாகியிருக்கும்.

நான் வசிப்பது நெதர்லாந்தில், ஐந்தோவன் நகரில். அங்கே மழையிலும் பனியிலும் இருட்டிலும் ஓடியிருக்கிறேன். ஏன் ஓடுகிறாய் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. போன புதிதில் அது பெரிய விடுதலையாக இருந்தது. அந்த விடுதலையில்தான் ஓடத் தொடங்கினேன். பிறகு சைக்கிள், பிறகு நீச்சல். மூன்றையும் ஒரே நாளில், ஒன்றன் பின் ஒன்றாகச் செய்யும் டிரையத்லான் என்ற விளையாட்டில் போய் மாட்டிக்கொண்டேன். அதிலும் முழுத் தூரம்: நான்கு கிலோமீட்டருக்குச் சற்றே குறைவான நீச்சல், நூற்று எண்பது கிலோமீட்டர் சைக்கிள், கடைசியில் ஒரு முழு மாரத்தான். என்னைப் போன்றவர்கள் இதைத் தொழிலாகச் செய்வதில்லை. வேலைக்குப் போய்க்கொண்டு, சனி ஞாயிறுகளைத் தின்னக் கொடுத்து, முட்டியில் ஐஸ் வைத்துக்கொண்டு செய்கிறோம்.

விடுதலைக்கு மறுபக்கம் ஒன்று இருப்பதை அங்குள்ள சைக்கிள் குழுவில் சேர்ந்த முதல் குளிர்காலத்தில் கண்டேன். நீண்ட சவாரி ஒன்று முடிந்து மரைக்கே என்ற தோழியின் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். அவள் ஆப்பிள் வைத்துச் சுட்ட அப்பல்தார்ட் என்ற பண்டத்தை வெட்டிக்கொண்டே, "உனக்கு ஒரு துண்டு?" என்றாள். எனக்கு நல்ல பசி. ஆனாலும், ஒரு வீட்டுக்கு முதல் முறை போனால் சொல்ல வேண்டியதைச் சொன்னேன்: "நே, டாங்க் ய." வேண்டாம், நன்றி. மரைக்கே தலையசைத்தாள். தட்டு அடுத்தவரிடம் போனது. அப்படியே சுற்றி வந்து மேசை நடுவில் உட்கார்ந்தது. அதில் ஒரு துண்டு மிச்சம் இருந்தது. அது என்னையும் நான் அதையும் ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். மரைக்கே அன்பில்லாதவள் அல்ல. என் வார்த்தையை அவள் மதித்தாள், அவ்வளவுதான். அந்த மதிப்போடு நான் வெறும் வயிற்றில் எதிர்காற்றில் சைக்கிள் மிதித்து வீடு வந்தேன்.

போன வருடம் அங்கேயே ஒரு முழுத்தூரப் போட்டியில் கலந்துகொண்டேன். மாரத்தானில் பாதிக்கு மேல் ஓடியபின் கால் பிடித்துக்கொண்டு நடைபாதை விளிம்பில் உட்கார்ந்துவிட்டேன். மஞ்சள் சட்டை போட்ட தொண்டர் ஒருவர் குனிந்து, "காட் ஹெட்?" என்றார். எப்படி இருக்கிறாய், முடிகிறதா என்று அர்த்தம். "யா ஹோர்" என்றேன். நன்றாக இருக்கிறேன். எந்த ஊரில் ஒரு பெண் தெரியாத ஆளிடம் முதல் கேள்விக்கே "இல்லை, என்னால் முடியவில்லை" என்று சொல்வாள்? அவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் போய்விட்டார். உப்பும் தண்ணீரும் அவருடைய பையிலேயே இருந்தன. நான் எழுந்து நடப்பதற்குள் நேர வரம்பு முடிந்து, பின்னால் வந்த வண்டி என்னை ஏற்றிக்கொண்டது. தவறு அவருடையதல்ல. ஆனால் என்னுடையதும் அல்ல என்று இன்றும் பிடிவாதமாக நினைக்கிறேன்.

ஆகவே, சென்னையிலிருந்து ஓர் அமெச்சூர் குழுவினர் எங்கள் பக்கத்திலேயே முழுத்தூர டிரையத்லான் நடத்தப்போகிறார்கள் என்று தெரிந்ததும் பெயர் கொடுத்தேன். படவேட்டுக்கு மேலே அணையில் நீச்சல். வேலூர் சாலையில் கண்ணமங்கலம் வழியாகப் போய்த் திரும்பும் சைக்கிள் சுற்றுகள். ஆரணிக்குள் மூன்று சுற்று ஓட்டம். முடிவுக்கோடு நான் படித்த பள்ளியின் மைதானத்தில். வெயில் பழகியது, சாலை தெரிந்தது. எல்லாவற்றுக்கும் மேல் ஒரு காரணம்: அம்மா பார்க்க வேண்டும். இத்தனை வருடம் தொலைபேசியில் "இன்னா ஓட்டம் அது, யாருக்கு ஓடற?" என்று கேட்டுக்கொண்டிருந்தவள், நான் அந்தக் கோட்டைத் தாண்டுவதைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும். போன வருடம் தாண்டாத கோடு.

அம்மா சத்துணவு அமைப்பாளர். பள்ளிப் பிள்ளைகளுக்குச் சோறும் முட்டையும் போட்டே வேலைக்காலம் முழுவதையும் கழித்தவள். "மொத தடவ வேணாங்கிற புள்ளயத்தான் நல்லா பாத்துக்கணும். அதுக்குத்தான் பசி ஜாஸ்தி" என்பாள். போட்டிக்கு முந்தின நாள் அவளையும் மாமாவையும் உட்காரவைத்து விதிகளைச் சொன்னேன். மாமா அம்மாவின் தம்பி. பேருந்து நிலையம் அருகே செல்போன் கடை வைத்திருக்கிறார். என் கையில் யாரும் எதையும் கொடுக்கக்கூடாது, தண்ணீர்கூட. வண்டியில் பக்கத்தில் வரக்கூடாது. கத்தலாம், கை தட்டலாம். மீறினால் முதல் முறை எச்சரிக்கை, இரண்டாம் முறை என்னை வெளியே அனுப்பிவிடுவார்கள்.

"பெத்த பொண்ணுக்குத் தண்ணி குடுத்தா குத்தமா?" என்றாள் அம்மா.

"அங்கங்க மேசை போட்டு அவங்களே குடுப்பாங்கம்மா. வெளியாளு குடுக்கக் கூடாது."

"நான் வெளியாளா?"

மாமா இடையில் புகுந்தார். "ஜெயிச்சா இன்னா குடுப்பாங்க?"

"முடிச்சா மெடல்."

"எத்தினி பேருக்கு?"

"முடிக்கிற எல்லாருக்கும்."

"எல்லாருக்கும் குடுத்தா அது பிரசாதம்மா. அதுக்கா இந்தப் பேஜாரு?" என்று சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொண்டார். கடைசியில் இருவரும் சரி என்றார்கள். எங்கள் வீட்டில் "சரி" என்பதும் "வேணாம்" என்பதும் ஒரே கடையில் வாங்கிய சரக்கு. இரண்டுக்கும் உத்தரவாதம் கிடையாது. பத்து வருடம் வெளியே இருந்ததில் அது எனக்கு மறந்துபோயிருந்தது.

நீச்சல் நன்றாகப் போனது. தண்ணீருக்குள் யாராலும் பேச முடியாது. சைக்கிளில், கண்ணமங்கலம் கடைத்தெருவைத் தாண்டும்போது பின்னாலிருந்து ஒரு ஸ்கூட்டர் வந்து சேர்ந்துகொண்டது. மாமா.

"போங்க மாமா! பக்கத்துல வரக்கூடாது!"

"தெரியும், தெரியும். மூஞ்சி செவந்து போச்சு, மண்ட காஞ்சிகினு கீது பாரு" என்றபடி, ஒரு பாட்டில் தண்ணீரை முழுசாக என் ஹெல்மெட் மேல் கவிழ்த்தார். எனக்கு முன்னால் பைக்கில் போய்க்கொண்டிருந்த நடுவர் கண்ணாடியில் எல்லாவற்றையும் பார்த்துவிட்டார். இளைஞர், மிகவும் மரியாதையானவர். "சாரி மேடம், ஃபர்ஸ்ட் வார்னிங்" என்று அட்டையைக் காட்டினார். மாமா அவரிடமும் போய், "சார், உங்களுக்குத் தண்ணி வேணுமா?" என்று கேட்டார். நான் அழவில்லை. மீதி இருந்த சைக்கிள் தூரம் முழுவதும் பல்லைக் கடித்துக்கொண்டே மிதித்தேன்.

ஓட்டத்தின் முதல் இரண்டு சுற்றிலும் அம்மா எங்கள் தெருமுனையில் சொன்னபடியே நின்றாள். கையில் ஒரு பாட்டில் மோர் வைத்திருந்தாள், ஆனால் அசையவில்லை. பெயர் சொல்லிக் கத்தினாள், கை தட்டினாள். பக்கத்துவீட்டுப் பெண்கள், விசைத்தறியை நிறுத்திவிட்டு வந்தவர்கள், எல்லோரும் கத்தினார்கள். அந்த இரண்டு முறையும் எனக்குச் சிறகு முளைத்தது என்பதை மறைக்க மாட்டேன். மூன்றாவது சுற்றில், சாயங்கால வெளிச்சம் மஞ்சளாகியிருந்தபோது, கெண்டைக்கால் இறுகி நான் நடந்துதான் வந்தேன். அம்மா என் முகத்தைப் பார்த்தாள். சாலையில் இறங்கிவிட்டாள்.

"உப்பு போட்டுகீறேன். ஒரு வாய்."

"வேணாம்மா."

"ஒதடு வெடிச்சிகீது. குடி."

"வேணாம்மா, போ."

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, புடவையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, என் கூடவே ஓடிவந்தாள். தெருவில் நாலு பேர் பார்க்கிறார்கள் என்பதால் பிள்ளை கூச்சப்படுகிறது என்று நினைத்திருப்பாள். டீக்கடையில் நின்ற ஒரு பெண், "பெத்தவ கேக்கறா இல்ல, வாங்கிக்கம்மா" என்றாள். பின்னால் அந்த நடுவரின் பைக் சத்தம் நெருங்கியது. பாட்டிலின் குளிர்ச்சி என் முன்கையில் பட்டது. இன்னும் கொஞ்ச தூரத்தில் பள்ளி மைதானம்.

நின்றேன். அவள் கண்ணை நேராகப் பார்த்து, முகத்தில் எந்த உணர்ச்சியும் இல்லாமல், "வேண்டாம். தள்ளிப் போ" என்றேன்.

குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் அது மகளின் கோபமாக இருந்திருக்கும். அம்மா திருப்பித் திட்டிவிட்டு இன்னொரு முறை நீட்டியிருப்பாள். அது நான் ஐந்தோவனில் கற்றுக்கொண்ட மறுப்பு. மெல்லிய, தட்டையான, மிச்சமில்லாத மறுப்பு. கடன் அட்டை விற்பவரிடம், தெருவில் துண்டுச்சீட்டு நீட்டுபவரிடம் சொல்வது. அதை ஆரணியில், தமிழில், நான் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அம்மாவுக்கு அது உடனே புரிந்துவிட்டது. பாட்டில் இருந்த கை கீழே இறங்கியது. ஓரமாகப் போய் நின்றாள். நடுவர் வேகம் குறைத்து, வெறுமையான என் இரு கைகளையும் பார்த்து, கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் போனார்.

கோட்டைத் தாண்டினேன். நேர வரம்புக்குள்தான். கழுத்தில் மெடல் போட்டார்கள். மாமா மட்டும் செல்போனில் படம் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அம்மா எங்க மாமா?"

"வூட்டுக்குப் போச்சு. சாதம் வடிக்கணும்னுச்சு."

வெளிநாட்டில் இருக்கும் உங்களில் பலர், அங்கே போனதும் முதலில் "வேண்டாம்" என்று தெளிவாகச் சொல்லக் கற்றுக்கொள்ளுங்கள் என்று புதிதாக வருகிறவர்களுக்கு அறிவுரை சொல்கிறீர்கள். நானும் சொல்லியிருக்கிறேன். எனக்கு எரிச்சல் எதில் என்றால், இரண்டு இடத்திலும் நான் தேர்வு எழுதிக்கொண்டே இருக்கிறேன். அங்கே நான் சொல்வதை அப்படியே எடுத்துக்கொண்டு என்னை விளிம்பில் உட்காரவைத்துவிட்டுப் போகிறார்கள். இங்கே நான் சொல்வதை எடுத்துக்கொள்ளாமல் என் போட்டியைக் கெடுக்கப் பார்க்கிறார்கள். ஒழுங்காகச் சொல்லக் கற்றுக்கொண்டு வந்து சொன்னால், அதைச் சொல்லக்கூடாத ஆளிடம் சொன்னதாகிவிடுகிறது. நான் விதிப்படிதான் நடந்தேன். திரும்ப நடந்தாலும் அந்தப் பாட்டிலை வாங்கமாட்டேன்.

குளித்துவிட்டு வந்தேன். அம்மா தட்டு வைத்தாள். சாதம், மிளகு ரசம், ஒரு வேகவைத்த முட்டை. மெடலை வாங்கிப் பார்த்தாள், "கனமா கீது" என்றாள், அலமாரியில் வைத்தாள். கோபம் இல்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. நான் தலை நிமிராமல் சாப்பிட்டேன். நாள் முழுக்க எரிந்த உடம்பு, போட்டதெல்லாம் போன இடம் தெரியவில்லை. தட்டு காலியாகும்போது அம்மா கரண்டியில் சாதத்தை அள்ளி என் பக்கம் கொண்டுவந்தாள்.

"இன்னும் வைக்கட்டா?"

"வேணாம்மா" என்றேன், வாய் நிறைய மென்றுகொண்டே. சொல்லும்போதே, எப்போதும் போல, தட்டின் மேல் கையைக் குறுக்காக வைத்தேன். எங்கள் வீட்டில் வைக்கிற மாதிரிதான்: விரல்களை அகலப் பிரித்து, சாதம் இறங்க இடம் விட்டு.

அம்மா என் கையைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். கரண்டியைக் குண்டானுக்குத் திருப்பிக் கொண்டுபோய், சாதத்தை அதில் போட்டு, தட்டு போட்டு மூடினாள்.